சுருக்கெழுத்து கற்பித்தால் அது கல்லூரி இல்லையா?

கேள்வி: சென்ற இதழில் பெண்கள் கல்விக்கு வழி திறந்த கல்லூரிகளின் வரிசையில் வாஸர், ஸ்மித், வெல்லஸ்லி ஆகியவற்றோடு அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துச் சிம்மன்ஸ் கல்லூரியையும் சேர்த்திருந்தீர்கள். மற்ற கல்லூரிகள் கிரேக்கமும் வானியலும் கற்பித்தபோது சிம்மன்ஸ் கற்பித்தது வெறும் சுருக்கெழுத்து, வெறும் தட்டச்சு. ஆண் மேலாளர்களின் அறை வாசலில் உட்காரப் பெண்களைத் தயார்செய்த வெறும் பயிற்சி நிலையம் அது. அதை முன்னோடி என்பது நியாயமா? பிளஸ் டூ படிக்கும் என் மகளிடம் இதை எப்படிப் பெருமையாகச் சொல்வேன்? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: நியாயம்தான் அம்மா. தெரிந்தேதான் சேர்த்தோம், மறுபடி எழுதினாலும் சேர்ப்போம்.

உங்கள் கடிதத்தில் 'வெறும்' என்ற சொல் மூன்று முறை வருகிறது. அந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

கல்லூரி எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஜான் சிம்மன்ஸ் பாஸ்டனில் ஆண்களுக்கான ஆயத்த ஆடை வியாபாரம் செய்து பெரும் பணம் சேர்த்தவர். அளவெடுத்துத் தைக்கும் வழக்கம் மட்டுமே இருந்த காலத்தில், நிலையான அளவுகளில் தைத்து அடுக்கி விற்றவர்களில் ஒருவர். அந்தத் துணிகளைத் தைத்துக் கொடுத்தவர்கள் பெண்கள். வீட்டில் உட்கார்ந்து, உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைத்தார்கள். 1870-இல் அவர் இறந்தபோது, சொத்தின் பெரும்பகுதியைப் பெண்களுக்கு ஒரு கல்லூரி கட்ட எழுதிவைத்திருந்தார். மருத்துவம், இசை, ஓவியம், வடிவமைப்பு, தந்தி என்று உயிலில் சில பாடங்களின் பெயரே இருந்தது. அதோடு, மாணவிகள் யார் தயவும் இல்லாமல் பிழைக்க உதவும் வேறு கலை, அறிவியல், தொழில்கள் எவையோ அவற்றையும் கற்பிக்க வேண்டும் என்றார்.

பட்டியலில் தட்டச்சு இல்லை. இருந்திருக்கவும் முடியாது. ஷோல்ஸ் என்பவரின் தட்டச்சுப் பொறியைத் துப்பாக்கி செய்துகொண்டிருந்த ரெமிங்டன் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது 1874-இல்தான். ஆனால் 'வேறு தொழில்கள்' என்று உயிலில் திறந்துவைத்த வழியில் அதுவும் பிறகு உள்ளே வந்தது.

பணம் உடனே கைக்கு வரவில்லை. 1872 நவம்பரில் பாஸ்டனின் வியாபாரப் பகுதியைத் தின்ற பெருந்தீயில் சிம்மன்ஸின் கட்டடங்களும் போயின. சொத்து மறுபடி தேறும்வரை அறங்காவலர்கள் காத்திருந்தார்கள். 1899-இல் கல்லூரிக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. 1902-இல் வகுப்புகள் தொடங்கின. அதாவது, அவர் இறந்து முப்பத்திரண்டு வருஷம் கழித்து. பணம் கரைந்துவிட்டது என்று உயிலை மூட்டை கட்டியிருக்கலாம், கட்டவில்லை. 1906-இல் முதல் பட்டதாரிகள் வெளியே வந்தார்கள். செயலர் துறை, நூலகத் துறை, வீட்டு நிர்வாகம், அறிவியல் எல்லாம் தொடக்கத்திலிருந்தே இருந்தன. சமூகப் பணிக்கான பள்ளி 1904-இல் வந்தது.

சரி, செயலர் துறைக்கு வருகிறேன். சில மாதத்தில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் சொல்லிக்கொடுத்து அனுப்பும் தனியார் வணிகப் பள்ளிகள் அப்போது அமெரிக்க நகரங்களில் நிறைய இருந்தன. சிம்மன்ஸ் அந்த வகை இல்லை. நான்கு வருஷப் படிப்பு. ஆங்கிலம், அயல்மொழி, வரலாறு, பொருளாதாரம், வணிகச் சட்டம், கணக்குப்பதிவு, இவற்றோடு சேர்ந்துதான் சுருக்கெழுத்தும் தட்டச்சும்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு கடிதம் எப்படி உருவானது என்று பாருங்கள். மேலாளர் அறைக்குள் நடந்துகொண்டே பேசுகிறார். அவர் பேசும் வேகத்துக்குச் செயலர் பெண் ஒலியைக் கோடாக்குகிறாள். பிட்மன் என்ற சுருக்கெழுத்து முறையென்றால், 'பேப்பர்' என்ற சொல்லின் முதல் ஒலிக்கு ஒரு மெல்லிய கோடு, 'பஸ்' என்ற சொல்லின் முதல் ஒலிக்கு அதே கோடு அழுத்தமாக. உயிரொலி வேண்டுமானால் பக்கத்தில் ஒரு புள்ளியோ சிறு கீற்றோ. வேகத்தில் அதையும் பெரும்பாலும் விட்டுவிட வேண்டும். அந்த நோட்டில் காற்புள்ளி இருக்காது, பத்தி இருக்காது, எழுத்துக்கூட்டல் இருக்காது. அப்புறம் மேசைக்கு வந்து அந்தக் கோடுகளைக் கடிதமாக்க வேண்டும். எங்கே வாக்கியம் முடிகிறது, மேலாளர் பாதியில் விட்ட வாக்கியம் எப்படி முடியவேண்டும், ஒப்பந்தத்தைக் குறிக்கும் சொல் இதுவா அதுவா, எல்லாம் அவள் முடிவு. உயிரொலி இல்லாத ஒரு கோட்டை நான்கு விதமாகப் படிக்கலாம். விஷயம் புரிந்தவளுக்குத்தான் சரியான சொல் எதுவென்று தெரியும். சட்டம் தெரியாதவள் சட்டக் கடிதத்தில் தடுமாறுவாள், ஜெர்மன் தெரியாதவள் ஜெர்மன் நிறுவனத்துக்குக் கடிதம் எழுத முடியாது. விரலுக்குப் பயிற்சி சில மாதத்தில் முடிந்துவிடும். நான்கு வருஷம் பிடித்தது மற்றதற்கு.

கோப்பு விஷயமும் அப்படியே. பத்தொன்பதாம் நூற்றாண்டு அலுவலகத்தில், வெளியே போகும் கடிதத்தை ஈரத்தாளில் அழுத்திக் கனமான நகல் புத்தகத்தில் பதித்தார்கள். உள்ளே வரும் கடிதத்தை மடித்து மாடத்தில் செருகினார்கள். ஒரு விவகாரத்தின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் கிடைக்காது. நூலகங்களுக்குச் சாமான் செய்துகொடுத்த லைப்ரரி பீரோ என்ற நிறுவனம், காகிதத்தை நிற்கவைத்து அடுக்கும் இழுப்பறையை 1893 சிகாகோ கண்காட்சியில் காட்டியது. கார்பன் நகலும் இந்த இழுப்பறையும் சேர்ந்தபோது அலுவலகத்தின் ஞாபகம் என்று சொல்லக்கூடிய ஒன்று உருவானது. எதை எந்தத் தலைப்பில் வைப்பது, ஐந்து வருஷம் கழித்து எப்படி எடுப்பது என்பது நூலகருக்குரிய அறிவு. சிம்மன்ஸில் நூலகத் துறையும் செயலர் துறையும் ஒரே கல்லூரிக்குள் இருந்தது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

உங்கள் கிரேக்கத்துக்கும் வானியலுக்கும் வருகிறேன். மரியா மிட்செல் வாஸரில் பெண்களுக்கு வானியல் கற்பித்ததைப் பற்றி இதே பக்கங்களில் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறோம். அதில் ஒரு எழுத்தைக்கூடத் திரும்பப் பெறமாட்டேன். ஆனால் சிம்மன்ஸில் இன்னொரு பிரிவு இருந்ததைக் கவனியுங்கள். வேறு கல்லூரிகளில் ஏற்கெனவே பட்டம் வாங்கிவிட்ட பெண்களுக்கான ஒரு வருஷச் செயலர் படிப்பு. ஆண்களுக்குச் சமமாக லத்தீனும் தத்துவமும் படித்து, நல்ல மதிப்பெண் வாங்கி, பட்டத்தோடு வெளியே வந்த பெண்ணுக்குப் பள்ளி ஆசிரியை வேலையைத் தவிர வேறு வேலை எளிதில் கிடைக்கவில்லை. ஆசிரியையாக விருப்பமில்லாதவள் என்ன செய்வாள்? வந்து இங்கே சேர்ந்தாள். நீங்கள் எதிரெதிராக நிறுத்தும் இரண்டு கல்வியும் அந்த ஒரே பெண்ணிடம் இருந்தன.

உங்கள் கோபத்தில் ஒரு பாதி நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க அலுவலகத்துக் குமாஸ்தா ஆண். தொழில் பழகி ஒருநாள் மேலாளராவான், பங்குதாரராகக்கூட ஆவான். பிறகு தட்டச்சுப் பொறி வந்தது, பெண்கள் வந்தார்கள். சுருக்கெழுத்தாளர், தட்டச்சர்களில் பெண்கள் 1880-இல் நூற்றுக்கு 40 பேர், 1900-இல் 75 பேருக்கு மேல், 1930-இல் 95 பேருக்கு மேல். பியானோ வாசித்த விரல், பெண்ணுக்கே உரிய பொறுமை என்று காரணம் சொன்னார்கள். உண்மையான காரணம், ஆணுக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் படித்த பெண் கிடைத்தாள் என்பதுதான். அவள் வந்ததும் அந்த மேசையிலிருந்து மேலே போகும் ஏணியை எடுத்துவிட்டார்கள். கல்யாணம் ஆனால் வேலையை விடவேண்டும் என்று பல நிறுவனங்கள் விதி வைத்திருந்தன. இது அநியாயம். இதைப் படிக்கும்போது எனக்கும் வயிறு எரிகிறது.

ஆனால் ஏணியை எடுத்தது யார்? சுருக்கெழுத்தைக் கற்பித்தவர்களா? ஹார்வர்ட் வணிகப் பள்ளி தொடங்கியது 1908. சிம்மன்ஸிலிருந்து சில மைல் தூரம். அங்கே மேலாளர்களை உருவாக்கினார்கள். அதன் இரண்டு வருஷ எம்.பி.ஏ. வகுப்பில் பெண்களைச் சேர்த்தது 1963-இல், எட்டுப் பேரை. ஐம்பத்தைந்து வருஷம்! நடுவில் 1937-இல், ஹார்வர்டோடு இணைந்த பெண்கள் கல்லூரியான ராட்க்ளிஃபில் பெண்களுக்குப் பணியாளர் நிர்வாகப் பயிற்சி ஒன்று தொடங்கியது. ஹார்வர்ட் வணிகப் பள்ளி ஆசிரியர்களே போய் அங்கே பாடம் நடத்தினார்கள். ஆசிரியர் வரலாம், மாணவி போகக்கூடாது. ஒரு கதவைத் திறந்துவைத்த கல்லூரியைப் பார்த்து ஏன் இவ்வளவு சின்னக் கதவு என்று கேட்கிறீர்கள். பெரிய கதவைப் பூட்டிவைத்திருந்தவர்களிடம் உங்கள் கடிதத்தில் ஒரு கேள்விகூட இல்லை.

இந்த விஷயத்தில் நான் சூடாகப் பேசுவதற்குச் சொந்தக் காரணம் உண்டு. என் பெரியக்கா எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் கும்பகோணத்தில் ஒரு மாடி இன்ஸ்டிட்யூட்டில் டைப்ரைட்டிங் சேர்ந்தாள். காலை ஆறு மணி பேட்ச். நிமிஷத்துக்கு முப்பது வார்த்தை லோயர், நாற்பத்தைந்து ஹையர், இரண்டும் பாஸ் செய்தாள், பிட்மன் ஷார்ட்ஹேண்டும் முடித்தாள். அரசு வேலை கிடைத்தது. அப்பா படுத்துவிட்ட வருஷங்களில் அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. நான் கல்லூரிக்குக் கட்டிய பணம் அவள் தட்டிய தாள்களிலிருந்து வந்தது. அவள் படித்ததை யாராவது 'வெறும் டைப்பிங்' என்றால் எனக்குப் பொறுக்காது.

உங்கள் மகளிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். மேலே எழுதிய எல்லாவற்றையும் சொல்லுங்கள், அநியாயத்தையும் சேர்த்து. அதோடு இதையும். 1970-களில் மார்கரெட் ஹென்னிக், ஆன் ஜார்டிம் என்ற இருவர் பெண்களுக்கென்றே ஒரு மேலாண்மைப் பள்ளியைத் தொடங்கி எம்.பி.ஏ. பட்டம் கொடுத்தார்கள். இருவரும் ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். பெண் ஏன் மேலாளர் நாற்காலிக்குப் போவதில்லை என்று வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர்கள். அந்தப் பள்ளிக்கு இடம் கொடுத்தது சிம்மன்ஸ் கல்லூரி.