பாங்காக்கில் மீன் வாடை இல்லாத சாப்பாடு

வணக்கம். வேலைக்காக பாங்காக் வந்து மூன்று வாரம் ஆகிறது, சைவம் என்று சொல்லி வாங்கினாலும் மீன் வாடை அடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் முதல் மாதம் இதே கதைதான். கறி வேண்டாம் என்றால் கறித்துண்டை மட்டும்தான் விடுவார்கள். 'நாம் பிளா' என்ற மீன் சாறு அவர்களுக்கு உப்பு மாதிரி. அதை யாரும் அசைவக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அதனால் 'ஜே' என்று கேளுங்கள். கறி, மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது. பூண்டு, வெங்காயம்கூடக் கிடையாது. கடை வாசலில் மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து தொங்கும். நம் கண்ணுக்கு 17 என்று எழுதியது போலவே தெரியும். உள்ளே தட்டு தட்டாகக் குழம்பும் பொரியலும் இருக்கும், விரலைக் காட்டினால் சோற்றின் மேல் ஊற்றிக் கொடுப்பார்கள். பன்றிக்கறி போலவே ஒன்று கிடக்கும், பயப்படாதீர்கள், சோயாதான். காலையிலேயே போய்விடுங்கள், நல்லதெல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பப்பாளிக்காய் சாலட் (சோம் தாம்) ஆசை இருந்தால், "மாய் சை நாம் பிளா, மாய் சை குங் ஹேங்" என்று சொல்லுங்கள். மீன் சாறும் காய்ந்த இறாலும் போடமாட்டார்கள். சாலட் இடிக்கும் உரலில் முன்பு போட்ட மீன் சாறு ஒட்டியிருக்கலாம், ஆனால் அதைக் கழுவச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை!

ரொட்டி, சப்ஜி வேண்டுமென்றால் இந்தியர் கடைகள் நிறைந்த பஹுராட் பகுதிக்குப் போங்கள். அங்கே குருத்வாராவைச் சுற்றியுள்ள சந்துகளில் தேடுங்கள். அப்புறம், செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ஜே திருவிழா வரும். அப்போது சீனர் பகுதியான யாவ்வராட் தெரு முழுக்க மஞ்சள் கொடிதான், வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள்.