நோயாளியைத் தூக்கியபோது பிடித்த இடுப்பு: மெடிக்கல் லீவா, பணி விபத்தா?

கேள்வி: கடலூரிலிருந்து தினமும் போய் புதுச்சேரி தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். சம்பளம் 18,000, ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடிக்கிறார்கள். மூன்று வாரம் முன்பு நைட் டூட்டியில், கனத்த நோயாளி ஒருவரைக் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது இடுப்பில் படக்கென்று பிடித்தது. டிஸ்க் விலகியிருக்கிறதாம். நிர்வாகம் மெடிக்கல் லீவு எழுதித் தரச் சொல்கிறது. 'பணியில் ஈடுபாடு இல்லை' என்று மெமோவும் வந்திருக்கிறது. என்ன செய்வது?

பதில்: லீவு லெட்டரை இன்னும் கொடுக்காதீர்கள். சாதாரண நோய் என்று எழுதினால் ஈ.எஸ்.ஐ. தருவது சம்பளத்தில் 70 சதவீதம். முதல் 2 நாளுக்குக் கிடையாது. இந்தச் சாதாரண நோய் உதவித்தொகை வருடத்துக்கு 91 நாள் வரைதான். பணி விபத்து என்றால் 90 சதவீதம், வேலைக்குத் திரும்பத் தகுதி வரும்வரை. உங்கள் சம்பளத்துக்கு பணி விபத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 540 ரூபாய், சாதாரண நோயில் 420. 60 நாள் படுத்தால், கிடைக்காத அந்த முதல் 2 நாளையும் சேர்த்து, எட்டாயிரம் ரூபாய் வித்தியாசம்.

நாள்பட்டு வரும் முதுகுவலி, ஈ.எஸ்.ஐ.யின் தொழில்நோய்ப் பட்டியலில் தனியாக இல்லை. குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட வேலையில் ஏற்பட்ட காயம் என்று காட்டினால்தான் வழி. பல வழக்குகள் கெட்டுப்போவது ஓ.பி. சீட்டில்தான். "எத்தனை நாளா வலி?" என்று டாக்டர் கேட்பார், "ரெண்டு வருஷமாவே இருக்கு சார்" என்போம், 'நாள்பட்ட இடுப்பு வலி' என்று விழுந்துவிடும். பழைய வலியை மறைக்க வேண்டாம். அந்த வலியோடேயே டூட்டி பார்த்தேன், அந்த ராத்திரிக்குப் பிறகு குனியவே முடியவில்லை என்று இரண்டையும் பிரித்துச் சொல்லி, கோரிமேடு ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைச் சீட்டில் தேதியோடு பதியச் சொல்லுங்கள். பழைய தேய்மானம் இருந்தாலும், விபத்து அதை முற்றவைத்தது என்றால் உரிமை போகாது.

அடுத்து, விபத்துப் பதிவேட்டில் ஏற்றி ஈ.எஸ்.ஐ.க்கு அறிக்கை அனுப்பும்படி நிர்வாகத்துக்கு எழுதுங்கள். தேதி, மணி, வார்டு, கூட இருந்த அட்டெண்டர் பெயர், மூன்று வாரத் தாமதத்துக்குக் காரணம் எல்லாம் இருக்கட்டும். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட், நகல் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு.

டூட்டி ரோஸ்டரும் நைட் ரிப்போர்ட் புத்தகமும் நல்ல சாட்சி. நோயாளியின் கேஸ் ஷீட்டை மட்டும் போட்டோ எடுத்துவிடாதீர்கள், அதுவே உங்கள் மேல் நடவடிக்கைக்கு முகாந்திரமாகும். நோயாளி எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும், தேவைப்படும்போது ஆவணத்தை வரவழைக்கலாம். இன்சார்ஜ் சிஸ்டருக்கு அன்று வாட்ஸ்அப் அனுப்பியிருந்தால் அது போனிலேயே இருக்கட்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்தவர்கள் பிறகு திண்டாடுகிறார்கள்.

மெமோவுக்குப் பதில் கட்டாயம் கொடுங்கள். 'இனி ஒழுங்காக வேலை செய்கிறேன்' என்று ஒரு வரி எழுதினாலே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும், அப்படி எழுதாதீர்கள். வலியோடு நின்றதுதான் காரணம், எந்தத் தேதியில் யாரிடம் சொன்னேன் என்று மட்டும் எழுதி, தூக்கும் வேலை இல்லாத டூட்டி கேளுங்கள். அதைத் தந்தே ஆகவேண்டும் என்று தனியார் நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்துவது கடினம். ஆனால் கேட்டது பதிவில் நிற்கும்.

விபத்துக்கான உதவித்தொகை வாங்கும் காலத்தில் பொதுவாக வேலையை விட்டு நீக்க முடியாது. அதனால்தான் ராஜினாமா கேட்பார்கள். கையெழுத்து வேண்டாம்.

பழைய ஈ.எஸ்.ஐ. சட்டத்துக்குப் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கிறது. பழைய பிரிவு எண் போட்ட மாதிரி மனுவை அப்படியே நகலெடுக்காதீர்கள்.