கத்தோலிக்கப் புனிதர் தேவசகாயம் பெயரிலிருந்து 'பிள்ளை'யை ஏன் எடுத்தார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், அது சாதிப் பட்டம் என்பதால். கன்னியாகுமரிப் பக்கம் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) வாங்கிக் கிறிஸ்தவரானார், லாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்துக்கொண்டார், அப்புறம் சாதி பார்க்காமல் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிட்டார், பழகினார். அதற்கான விலைதான் எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்றதும், கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றதும். புனிதர்களின் திருவிழா பெரும்பாலும் அவர்கள் இறந்த நாளில்தான் வரும், அதனால் இவருக்கு ஜனவரி 14, பொங்கல் பரபரப்பில் பலருக்கு மறந்தே போகிறது.

2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தபோது வத்திக்கான் 'பிள்ளை'யை விட்டுவிட்டது. வரலாற்றுப் பெயரை வெட்டலாமா என்று சண்டை போட்டவர்களும் உண்டு. என் கருத்து, சாதியை உதறியவரைச் சாதிப் பெயரால் கும்பிடுவது அவருக்கே பிடிக்காது.

ஆனால் பெயரை மாற்றுவது சுலபம். அவர் திருமுழுக்கு பெற்ற அதே வடக்கன்குளத்தில், பின்னாளில் கிறிஸ்தவக் கோயிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து நடுவில் சுவர் நின்றது, 1910 வாக்கில்தான் இடித்தார்கள். இன்றும் சாதிவாரியாகப் பிரிந்த கல்லறைத் தோட்டங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன, திருமண விளம்பரத்தில் 'ஆர்.சி.' (ரோமன் கத்தோலிக்கர்) என்ற எழுத்துக்குப் பக்கத்திலேயே சாதியும் உட்கார்ந்திருக்கிறது.