"இயக்கத்துக்கு வேலை செய்தேன்": கோப்பில் கிடக்கும் ஒரு வரி

கேள்வி: 2008 கடைசியில் வன்னியில் புலிகள் இயக்கத்தினர் வீட்டுக்கு ஒருவர் என்று வந்து என்னைக் கூட்டிப் போனார்கள். அப்போது எனக்கு 19 வயது. மூன்று மாதம் பங்கர் வெட்டினேன், பிறகு தப்பி ஓடிவிட்டேன். 2012இல் கனடா வந்தேன், அடுத்த வருடம் அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். பி.ஆர். (நிரந்தர வதிவிட) விண்ணப்பம் மட்டும் இன்றுவரை "பாதுகாப்புப் பரிசோதனையில்" கிடக்கிறது. ஒரு வயதில் விட்டு வந்த மகளுக்கு இப்போது 13. அவளும் மனைவியும் வவுனியாவில். உண்மையில் துவக்குத் தூக்கியவர்களுக்கே பி.ஆர். கிடைத்துவிட்டது. ஃபெடரல் கோர்ட்டில் மாண்டமஸ் (முடிவு எடுக்கச் சொல்லி உத்தரவு கேட்கும் வழக்கு) போடட்டுமா? அகதிக் கோரிக்கையில் "இயக்கத்துக்கு வேலை செய்தேன்" என்று இருக்கிறது. பி.ஆர். படிவத்தை நிரப்பித் தந்தவர், ஆயுதக் குழுவோடு தொடர்பு உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று போட்டார். இது பிரச்சினையா? (ஸ்காபரோ வாசகர்)

பதில்: கடைசி இரண்டு வரிதான் உங்கள் கேஸ். மற்றவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பதை எந்த நீதிபதியும் கேட்கப் போவதில்லை. காத்திருந்த வருடங்களும் மகளின் வயதும் எனக்கும் வலிக்கிறது. ஆனால் பாதுகாப்புக் காரணத்துக்காக ஆட்களைத் தடுக்கும் 34ஆம் பிரிவின் கீழ் வரும் ஒருவருக்கு மனிதாபிமான விண்ணப்பம் என்ற கதவை 2013இலேயே சாத்திவிட்டார்கள்.

அகதிச் சபை உங்களை நம்பியதால் இது முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். குடிவரவுச் சட்டத்தின் 34(1)(எஃப்) பிரிவு, பயங்கரவாதத்தில் ஈடுபட்ட அமைப்பில் "உறுப்பினர்" என்று நம்ப நியாயமான காரணம் இருந்தாலே போதும் என்கிறது. வெறும் சந்தேகம் போதாது, ஆனால் சிவில் வழக்கில் கேட்கும் அளவு நிரூபணமும் தேவையில்லை. "உறுப்பினர்" என்ற சொல்லை விரிவாகவே எடுக்க வேண்டும் என்று ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் சொல்லிவிட்டது. அட்டை வேண்டாம், ஆயுதம் வேண்டாம். புலிகளைக் கனடா பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது 2006இல். அதற்கு முன்னால் செய்ததும் கணக்கில் வரும், அமைப்பு இன்று இல்லை என்பதும் உங்களைக் காப்பாற்றாது.

உங்களைக் காப்பாற்றக்கூடியது ஒன்றுதான்: விரும்பிப் போகவில்லை, பிடித்துக்கொண்டு போனார்கள் என்பது. அமெரிக்காவில் இந்த வாதம் எடுபடவில்லை. 2012இல் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், கட்டாயத்தின் பேரில் செய்த உதவிக்கும் சட்டத்தில் விலக்கு இல்லை என்று அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கனடாவில் கட்டாயத்தைக் கணக்கில் எடுக்கிறார்கள். ஆனால் அதை உங்கள் கோப்பு சொல்ல வேண்டும். இப்போது அது இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொல்கிறது.

வன்னியில் இருந்தவர்களுக்குத் தெரியும்: அங்கே பொலிசும் கோர்ட்டும் வங்கியும் இயக்கத்துடையது. யார் சொல்லி எதைச் செய்தாலும் "இயக்கத்துக்கு வேலை செய்தேன்" என்றுதான் வாயில் வரும். ஸ்காபரோவில் அதை ஆங்கிலமாக்கும்போது சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் மாதிரி ஆகிவிடுகிறது. குடிவரவு நேர்காணலில், நான் வழக்குப் பார்க்கும் கட்சிக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "நாங்கள் பங்கர் வெட்டினோம், நாங்கள் பின்வாங்கினோம்" என்றார். அவர் சொன்ன "நாங்கள்", பிடித்துவைக்கப்பட்ட பொடியன்கள். அதிகாரி எழுதிக்கொண்ட "நாங்கள்", இயக்கம். அந்தச் சொல் பிறகு மறுப்புக் கடிதத்தில் மேற்கோளாக வந்தது. அவரிடம் பொய் ஒன்றும் இல்லை.

அதனால் மாண்டமஸ் இப்போது வேண்டவே வேண்டாம். தாமதத்தால் கொதித்துப்போய் வழக்குப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். தூங்கிக்கொண்டிருந்த கோப்பை ஒருவர் எடுத்துப் பிரிப்பார். முதலில் கண்ணில் படுவது இந்த இரண்டு பதில்களும்தான். பதில் கேட்டுக் கடிதம் வரும், அவகாசம் பெரும்பாலும் 30 நாள். பதில் சரியில்லையென்றால் பி.ஆர். மறுப்பு. குடிவரவு மேல்முறையீடு கிடையாது. ஃபெடரல் கோர்ட்டுக்குப் போக 15 நாள்தான், அதற்கும் முதலில் அனுமதி வாங்க வேண்டும். அந்த "இல்லை"யைத் தவறான தகவல் என்று தனியாக எடுத்தால் 5 வருடத் தடை. மறுத்ததும் நாடு கடத்திவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள். அதற்கு நீங்கள் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து, அல்லது நீங்கள் செய்தது அவ்வளவு கடுமையானது என்று அமைச்சர் தனியாக முடிவு செய்ய வேண்டும். ஆனால் மனைவியையும் மகளையும் அழைக்கும் வழி அடைபட்டுவிடும். அதன் பிறகு மிச்சம் இருப்பது 42.1 பிரிவில் பொதுப் பாதுகாப்பு அமைச்சரிடம் விலக்குக் கேட்பது. அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும், கிடைப்பதும் அபூர்வம்.

முதலில் தகவல் அறியும் சட்டத்தில் கோப்பைக் கேளுங்கள், இமிக்ரேஷனிடமும் எல்லைச் சேவையிடமும் தனித்தனியாக. பாதிப் பக்கம் கறுப்பு மை பூசித்தான் வரும். குறிப்புகளில் 34 என்ற எண் எங்கே முதலில் தலைகாட்டுகிறது என்று பார்த்தால், நீங்கள் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது தெரிந்துவிடும். அப்புறம் அவர்கள் கேட்கும் முன்பே நீங்களாகச் சத்தியக் கடதாசி போட்டு அந்த "இல்லை"யைத் திருத்துங்கள். யார் வந்தார்கள், வீட்டில் யார் இருந்தார்கள், காவலுக்கு எத்தனை பேர், தப்பிப் பிடிபட்டவர்களுக்கு என்ன நடந்தது, நீங்கள் எந்த இரவில் எப்படி வெளியேறினீர்கள், எல்லாம் அதில் வர வேண்டும். அடித்ததாக இல்லாவிட்டால் அடித்தார்கள் என்று சேர்க்காதீர்கள். சேர்க்கச் சொல்லும் "உதவியாளர்" எந்த வீதியிலும் இருப்பார். 2013இல் சபையில் சொன்னதோடு அது ஒத்துப்போகாவிட்டால் உண்மையும் சேர்ந்து போய்விடும்.

திருத்தம் உள்ளே போய், அதற்கு எழுத்தில் பதில் கேட்ட பிறகும் அவர்கள் அசையவில்லையென்றால் மாண்டமஸ் போடலாம். அப்போது அரசுத் தரப்பு வழக்கறிஞர், இத்தனை நாளில் முடிவு எடுக்கிறோம், வழக்கை வாபஸ் வாங்குங்கள் என்பார். வாங்கிவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது முடிவு, நீதிபதியின் கண்டனம் இல்லை.

கடித ஓரத்தில், அம்மாவைப் பார்க்க இலங்கைப் பாஸ்போர்ட் எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எடுக்காதீர்கள். பாஸ்போர்ட் எடுத்துப் போய்வந்தால், அந்த நாட்டின் பாதுகாப்பை மறுபடி ஏற்றுக்கொண்டீர்கள் என்று அகதி அந்தஸ்தையே 108ஆம் பிரிவில் ரத்துச் செய்யக் கேட்பார்கள். அம்மாவுக்கு என்ன வருத்தம் என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் கோப்போடு கொண்டுவாருங்கள், வேறு எந்த நாட்டில் சந்திக்க முடியும் என்று பார்ப்போம்.