இந்தியாவின் டேட்டா சென்டர்கள் ஏன் மும்பையிலும் சென்னையிலும் குவிகின்றன?

இணையத் தரவுகளைச் சேமித்துக் கையாளும் சர்வர் கணினிகள் வரிசையாக இயங்கும் கட்டடங்கள்தான் டேட்டா சென்டர்கள். ஐ.டி. நிறுவனங்கள் அதிகம் இருப்பது பெங்களூரில்தானே, அவை அங்கே ஏன் குவியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முக்கியக் காரணம் கடல். வெளிநாடுகளோடு நம் இணையத்தை இணைக்கும் கடலடிக் கேபிள்களில் பெரும்பாலானவை மும்பையிலும் சென்னையிலும்தான் கரையேறுகின்றன. சென்னை–சிங்கப்பூர் ஐ2ஐ கேபிள் 2002-லேயே வந்துவிட்டது. கேபிள் கரையேறும் இடத்துக்குப் பக்கத்தில் சர்வர் இருந்தால் வெளிநாட்டு இணைப்பு வேகமாகவும் மலிவாகவும் கிடைக்கும்.

வளர்ச்சி சூடுபிடித்தது 2016-க்குப் பிறகு. அந்த ஆண்டு ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது; இணையம் வழியே சர்வர்களை வாடகைக்குத் தரும் தன் கிளவுட் சேவைக்கு அமேசான் மும்பையில் மையம் தொடங்கியதும் அப்போதுதான். 2018 ஏப்ரலில், பணப் பரிவர்த்தனைத் தரவுகளை இந்தியாவுக்குள்ளேயே சேமிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. டீக்கடையில் யூபிஐ-யில் அனுப்பும் பத்து ரூபாய்க்கும் இது பொருந்தும். 2022 பட்ஜெட்டில் டேட்டா சென்டர்களுக்கு, சாலை, துறைமுகம் போன்றவற்றுக்கு உள்ள உள்கட்டமைப்புத் தகுதியும் கிடைத்ததால் கடன் வாங்குவது எளிதானது.

எனக்குக் கவலை தண்ணீரைப் பற்றித்தான். சர்வர் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகிறது. தண்ணீரை ஆவியாக்கி அந்த வெப்பத்தைத் தணித்தால் தண்ணீர் செலவாகும். காற்றால் தணித்தால் மின்சாரம் கூடும். 2019-இல் சென்னையின் ஏரிகள் வறண்டதைப் பார்த்தவர்கள் நாம். அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் எழும் புதிய மையங்களுக்குச் சுத்திகரித்த கழிவுநீரைக் கட்டாயமாக்குவதே சரி என்பேன்.