சீக்கிரமே கைகுலுக்கும் செஸ் கிராண்ட்மாஸ்டர்கள்: டிரா பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, 14 நகர்த்தலில் டிரா செய்துவிட்டு எழுந்து போகிறார்கள். இதைப் பார்க்க லைவ் போட்டு உட்கார்ந்திருக்கும் நமக்கு என்ன மரியாதை?

கோபம் நியாயமானது. நீங்கள் பார்த்தது அநேகமாக பெர்லின் தற்காப்பு என்ற தொடக்க ஆட்டமுறையின் ஒரு கிளையாக இருக்கும். 9-வது நகர்த்தலில் வெள்ளை ராணி d4 கட்டத்துக்கு வருகிறது. அங்கிருந்து e4-க்குப் போய் செக், கறுப்பு ராணி e6-இல் வந்து மறிக்கிறது. வெள்ளை ராணி மறுபடி d4, கறுப்பு ராணி மறுபடி d6. இப்படியே இன்னொரு சுற்று. 14-வது நகர்த்தலில் அதே நிலை மூன்றாவது முறை பலகையில் வந்துவிட, ஆட்டம் டிரா. வெள்ளை விரும்பினால் ராணிகளை வெட்டிக்கொண்டு தொடரலாம்தான். ஆனால் அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. இந்த வரிசை இருவருக்குமே மனப்பாடம்.

ஆடுபவர் பக்கத்தையும் பாருங்கள். கறுப்புக் காய்களோடு பலமான எதிராளியிடம் அரைப் புள்ளி வாங்குவது நல்ல கணக்கு. அந்தக் கணக்கைப் போட வைப்பது தொடரின் விதி. என் கோபமெல்லாம் அந்த விதியை எழுதியவர்கள் மேல்தான்.

கேள்வி: அப்படியானால் முன்கூட்டியே பேசிவைத்து ஆடுவதும் இதுவும் ஒன்றுதானே சார்?

இல்லவே இல்லை. பலகையில் நிலை சமமாக இருக்கிறது, இருவருக்கும் ஆபத்து வேண்டாம் என்று கைகுலுக்கினால் அது விதிக்குள் நடக்கும் ஆட்டம். வருவதற்கு முன்பே முடிவைப் பேசிவைத்தால் அது மோசடி. மூன்றாவது ஆள் ஒருவருடைய வாய்ப்பை அது திருடுகிறது.

1962-இல் குராசோ தீவில் நடந்த கேண்டிடேட்ஸ் தொடரை, அதாவது உலக சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் தொடரை, எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர், ஒவ்வொருவரும் மற்றவரோடு நான்கு முறை மோத வேண்டும். பெட்ரோசியான், கெரஸ், கெல்லர் என்ற மூன்று சோவியத் வீரர்களும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டங்களும் டிரா, பெரும்பாலானவை சட்டென்று முடிந்தவை. அந்த வெப்பத்தில் மூவரும் தெம்பைச் சேமித்துக்கொண்டு மற்றவர்களிடம் முழுப் பலத்தோடு இறங்கினார்கள். பெட்ரோசியான் 17.5 புள்ளிகள், மற்ற இருவரும் ஆளுக்கு 17. நான்காவதாக வந்த 19 வயது பாபி ஃபிஷர், ரஷ்யர்கள் கூட்டுச் சேர்ந்து ஏமாற்றுகிறார்கள் என்று அமெரிக்க இதழ் ஒன்றில் பகிரங்கமாக எழுதினார். 14 புள்ளியோடு நின்ற ஃபிஷர் அந்தத் தொடரை வென்றிருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் குற்றச்சாட்டை உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே ஒதுக்கித் தள்ளவில்லை. அடுத்த சுற்றிலிருந்து கேண்டிடேட்ஸை நேருக்கு நேர் நாக்அவுட் போட்டிகளாக மாற்றியது.

சமீபத்திய உதாரணம் 2023 டிசம்பரில் சமர்கண்டில் நடந்த உலக பிளிட்ஸ், அதாவது சில நிமிடங்களில் முடியும் அதிவேக ஆட்டங்களின் தொடர். ரஷ்ய வீரர்கள் துபோவும் நெபோம்னியாட்சியும் 13 நகர்த்தல்கள் முழுக்கக் குதிரைகளை மட்டும் ஆட்டிவிட்டு டிரா என்றார்கள். நடுவர் இருவருக்குமே பூஜ்யம் கொடுத்தார். முழுக்கச் சரியான முடிவு.

கேள்வி: உலக சாம்பியனாக இருந்த கார்ல்சன் இப்படிச் சீக்கிரம் டிரா செய்யலாமா? 2016 நியூயார்க்கில் கடைசி ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கியவர்கள் பாவம் இல்லையா?

பாவம்தான். உலக சாம்பியன் பட்டத்துக்கான 12-வது ஆட்டம், 30 நகர்த்தல், அரை மணி நேரம் சொச்சம், முடிந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் இரண்டு நாள் கழித்து, தன் பிறந்தநாளன்று, சமநிலையை உடைக்க வைத்த ரேபிட் (விரைவு ஆட்ட) டைபிரேக்கில் எதிராளி கர்யாக்கினை வென்றார் கார்ல்சன். கடைசி நகர்த்தலில் ராணியையே h6-இல் பலிகொடுத்தார்.

2018 லண்டனில் என் மனம் ஒப்பவில்லை. அதே உலகப் பட்டத்துக்காக கருவானாவுக்கு எதிராக 12-வது ஆட்டம். நிலையும் கார்ல்சனுக்குச் சாதகம், கடிகாரமும் சாதகம். 31-வது நகர்த்தலில் டிரா கேட்டார். 12 ஆட்டமும் டிரா. ரேபிட்டில் கார்ல்சன்தான் முன்னணி என்ற தன் கணிப்பையே மறுபரிசீலனை செய்வதாக முன்னாள் உலக சாம்பியன் காஸ்பரோவ் எழுதினார். அப்புறம் கார்ல்சன் ரேபிட்டை 3-0 என்று வென்றார். கணக்கு பலித்தது. இருந்தாலும் அந்த நிலையை ஆடியிருக்க வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

கேள்வி: 2024 இறுதியில் பிளிட்ஸ் பட்டத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்களே?

கார்ல்சனும் நெபோம்னியாட்சியும் 3.5-3.5 என நின்றபோது கேட்டார்கள், ஃபிடே ஒத்துக்கொண்டது. தவறு ஃபிடேயுடையது. இறுதிப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போது விதியை மாற்றக் கூடாது.

கேள்வி: டிராவையே தடை செய்துவிட்டால் என்ன?

2005-இல் பல்கேரியாவின் சோஃபியா தொடரில் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார்கள். வீரர்கள் ஒருவரையொருவர் டிரா கேட்கக் கூடாது, நடுவர் வழியாகத்தான் முடியும். நல்ல விதி, ஆனால் ஓட்டை இருக்கிறது. மேலே சொன்ன பெர்லின் போல ஒரே நிலையை மூன்று முறை கொண்டுவந்தால் யாரும் தடுக்க முடியாது. நார்வே தொடரில் 2019-லிருந்து கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டம் டிரா ஆனால் உடனே ஆர்மகெடான் ஆட வேண்டும்; அந்த விரைவு ஆட்டமும் டிரா ஆனால் கறுப்புக்கே வெற்றி. வந்த ரசிகனுக்கு அன்றைக்கே ஒரு முடிவு கிடைக்கிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

உலக சாம்பியன் போட்டியில் இப்போது 40 நகர்த்தலுக்கு முன் பேசி டிரா செய்ய முடியாது. ஆனால் விதி 40 வரைதான் இழுத்துவரும். சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 12, 14-வது ஆட்டம். ஆளுக்கொரு யானை, ஆளுக்கொரு பிஷப், குகேஷுக்கு இரண்டு சிப்பாய், அப்போதைய சாம்பியன் டிங் லிரெனுக்கு ஒன்று. டிரா என்றே எல்லோரும் நினைத்தார்கள். நம்ம சென்னைப் பையன் விடவில்லை. 55-வது நகர்த்தலில் டிங் யானையை f2-இல் வைத்தார். யானையும் பிஷப்பும் வெட்டுப்பட்டு ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் நிலைக்கு அது இழுத்துப்போனது. அது குகேஷுக்கு வெற்றி, 18 வயதில் உலகப் பட்டம்.

கேள்வி: என் மகள் மாவட்டப் போட்டிகளில் ஆடுகிறாள். எதிரே இருக்கும் பிள்ளை அடிக்கடி டிரா கேட்டு நச்சரிக்கிறது. என்ன செய்வது?

இந்த வயதில் டிராவுக்கு அவசரமே வேண்டாம், ஆட விடுங்கள் அம்மா. காய்கள் குறைந்த கடைசிக் கட்டமான எண்ட்கேம் அப்படித்தான் பழகும். முறை இதுதான்: தன் காயை நகர்த்தி, டிரா கேட்டு, அதன் பிறகுதான் கடிகாரத்தை அழுத்த வேண்டும். ஒரு முறை கேட்டால் அந்தக் கோரிக்கையைத் திரும்பப் பெற முடியாது. உங்கள் மகள் வாயால் மறுக்கலாம், அல்லது நகர்த்தும் எண்ணத்தோடு ஒரு காயைத் தொட்டாலே மறுத்ததாக அர்த்தம். திரும்பத் திரும்பக் கேட்டுத் தொந்தரவு செய்தால் கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அது அவளுடைய உரிமை.