கதவில் சுவாதீன நோட்டீஸ்: ஸ்டே எங்கே கேட்பது?

கேள்வி: பெரம்பூரில் ஃப்ளாட் வாங்க நானும் கணவரும் சேர்ந்து 30 லட்சம் வீட்டுக்கடன் எடுத்தோம். மாதத் தவணை 28,000. அவருக்கு வேலை போனதும் தவணை நின்றது. நடுவில் நகையை வைத்து 90,000 ரூபாய் கட்டினோம். 27 லட்சம் கேட்டு 60 நாள் நோட்டீஸ் வந்தது. அதில் இந்தப் பணம் வரவு வைக்கப்படவில்லை. பதிவுத் தபாலில் ஆட்சேபம் அனுப்பினோம், பதில் இல்லை. போன வாரம் கதவில் சுவாதீன நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள், பேப்பரிலும் போட்டுவிட்டார்கள். சிவில் கோர்ட்டில் ஸ்டே வாங்கலாம் என்கிறார் ஒருவர். உடனே காலி செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. இப்போது வங்கி எடுத்திருப்பது காகித அளவிலான சுவாதீனம்தான், அதாவது வீட்டைத் தன் வசம் எடுத்ததாகப் பெயரளவில் அறிவித்திருக்கிறது. நீங்களாக விட்டுக்கொடுக்காத வரை, அடமானச் சொத்தை எடுத்து விற்று வங்கி கடனை வசூலிக்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 14-வது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கித்தான் வீட்டுக்குள் வர முடியும். வசூல் ஏஜென்ட் வந்து மிரட்டினால் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

சிவில் கோர்ட் பக்கம் போக வேண்டாம். இந்த விஷயத்தில் தடை உத்தரவு தரக் கூடாது என்று அதே சட்டத்தின் 34-வது பிரிவு கையைக் கட்டியிருக்கிறது. ஐகோர்ட்டில் ரிட் போட்டாலும், முதலில் தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். 2010-லேயே உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. உங்களுக்கான இடம் சென்னையில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயம். 17-வது பிரிவில், சுவாதீன நடவடிக்கை நடந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் மனு போட வேண்டும். அதில் ஒரு வாரம் ஏற்கெனவே போய்விட்டது.

இனி உங்கள் வழக்கின் உயிர் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். அந்த 60 நாள் நோட்டீஸில் கணக்கு எந்தத் தேதியில் வாராக்கடன் ஆனது என்று எழுதியிருக்கும். பாஸ்புக்கையோ ஸ்டேட்மென்டையோ பக்கத்தில் வைத்து, 90,000 கட்டிய தேதி அதற்கு முன்பா பின்பா என்று பாருங்கள். நிலுவை 90 நாளைத் தாண்டினால்தான் வாராக்கடன். அந்தத் தேதியில் நான்கு தவணை, அதாவது 1,12,000 பாக்கி இருந்தது என்று வையுங்கள். முன்பே கட்டிய 90,000-ஐச் சரியாக வரவு வைத்திருந்தால் மூன்று தவணை கழிந்து ஒன்றுக்கும் குறைவாகவே பாக்கி நிற்கும். அப்படியென்றால் நோட்டீஸின் அடித்தளமே ஆடிப்போகும். பின்னால் கட்டியிருந்தால் வாதம் தொகையோடு நின்றுவிடும்.

ஆட்சேபக் கடிதத்துக்கு 15 நாளுக்குள் வங்கி காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். இது கட்டாயம் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த வழக்கிலேயே கடனாளி ஜெயிக்கவில்லை, ஏனென்றால் அவர் அவகாசம் வாங்கி வாங்கித் தவறியிருந்தார். உங்கள் கடிதம் அவகாசம் கேட்டதல்ல, கணக்கில் பிழை காட்டியது. அதனால் வலு அதிகம். கடித நகல், தபால் ரசீது, ஒப்புகை அட்டை மூன்றையும் பத்திரமாக வையுங்கள்.

27 லட்சத்துக்கு மனுக் கட்டணம் 9,250 ரூபாய் ஆகும். தீர்ப்பாயம் இடைக்காலத் தடை கொடுத்தாலும், ஒரு தொகையைக் கட்டச் சொல்லித்தான் பெரும்பாலும் கொடுக்கும். கையில் இருக்கும் பணம் முழுவதையும் வக்கீல் ஃபீஸுக்கே விட்டுவிடாதீர்கள் என்று ஒரு வக்கீலாகவே சொல்கிறேன்.

வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும், வங்கியோடு பேச்சையும் நிறுத்தாதீர்கள். நிலுவைத் தவணைகளை முழுதாகக் கட்டிக் கணக்கைச் சீராக்க எழுத்தில் கேளுங்கள். பேசி முடித்த ஒரு தொகையை ஒரே தவணையில் கட்டிக் கடனை முடிக்கும் தீர்வையும் கேட்கலாம், ஆனால் அதை உரிமையாகக் கோர முடியாது. எதுவானாலும் ஏல அறிவிப்புக்கு முன் முடித்துவிடுங்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு, அறிவிப்பு வெளியாகிவிட்டால் முழுக் கடனையும் கொண்டுவந்தாலும் வீட்டை மீட்கும் உரிமை போய்விடும். 2023-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஏலத்தன்று பணத்தோடு ஓடினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேளுங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது. நீங்களும் கடனில் கையெழுத்துப் போட்டிருப்பதால் உங்கள் பெயரிலேயே மனு போடலாம். இரண்டு நோட்டீஸ்களையும் கடன் ஸ்டேட்மென்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள்.